காரின் குளிர்சாதனமும் உள்ளே கசியும் நீரும்



மைசூரிலிருந்து மேல்கோட்டை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சீரங்கப்பட்டணத்தையும் பாண்டவபுரத்தையும் கடந்து, நெல்லும் கரும்பும் விளையும் சமவெளியை விட்டு, சாலை மெல்ல மெல்லக் குன்றின்மேல் ஏறுகிறது. இன்று மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த இத்தலம், அம்மாவட்டம் 1939ஆம் ஆண்டில் தனியாகப் பிரிக்கப்பெறும் வரையில் மைசூர் மாவட்டத்திலேயே இருந்தது. சோழ நாட்டை விட்டுப் போந்த இராமாநுசர் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே தங்கியிருந்தார் என்பது வைணவ மரபு. இத்தலத்தோடு தொடர்புடைய மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கன்னட நாட்டில் வாழ்ந்தும் வீட்டில் தமிழையே பேசிவருகின்றன. ஆகவே கர்நாடகத்தில் குடியேறிய நம்மவர்க்கு மேல்கோட்டை அயலூர் அன்று. விடுமுறை நாளில் காலையில் காரில் புறப்பட்டு, செல்வநாராயணனைச் சேவித்துவிட்டு, மலைமேல் உள்ள யோக நரசிம்மரையும் கண்டு, புளியோதரை உண்டு, மாலையில் வீடு திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் பல.

அத்தகைய பயணம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மழைக்காலம். வெளியே தூறல், உள்ளே ஐந்து பேர், கண்ணாடிகளெல்லாம் மூடியிருக்கின்றன. மூச்சுக் காற்றால் முன்கண்ணாடியில் படியும் மூட்டத்தை நீக்குவதற்காகக் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னிருக்கையில் இடப்பக்கம், வழக்கம்போல, வீட்டின் மூத்தவரான பாட்டியார் அமர்ந்திருக்கிறார். சமவெளியில் ஒரு குறையும் இல்லை. கார் மலையேறி முதல் வளைவில் திரும்புகிறது. திடீரென்று பாட்டியாரின் பாதங்களின்மேல் சில்லென்ற நீர் கொட்டுகிறது. அடுத்த வளைவில் மறுபடியும் கொட்டுகிறது. மேலே போய்ச் சேர்வதற்குள் தரைவிரிப்பு சொதசொதவென்று ஊறிவிடுகிறது.

இது என்ன நீர்? எங்கிருந்து வந்தது? யாரிடம் காட்டுவது? இக்கேள்விகளுக்கு விடை தெரியாத நிலையில், மறுநாள் மொழி சரியாகப் பிடிபடாத ஊரில் ஒரு பட்டறைக்குப் போகிறோம். "காஸ் ஒழுகுகிறது, கூலிங் காயில் போய்விட்டது, டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும்" என்று சொல்லப்படுகிறது. பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கு எழுதப்படுகிறது. பட்டறைக்காரர் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நேர்மையும் தேர்ச்சியும் உடையவர்கள் எங்கும் உண்டு. ஆயினும் அந்த நீரின் வரலாற்றை நாமே அறிந்திருந்தால், அந்தக் கணக்கைப் படித்துப் பார்த்து ஒரு கேள்வியாவது கேட்க முடியும். பெரும்பாலும் அதற்கு வேண்டிய மருந்து, அடைபட்ட ஒரு சிறு குழாயைத் துப்புரவு செய்வதேயாகும்.

முதலில், அந்த நீர் குளிர்சாதனத்தின் கோளாறு அன்று என்பதை நாம் உணரவேண்டும். நீரைப் பிரித்தெடுப்பது அதன் தொழில். கோடைக்காலத்தில் பனிக்கட்டி இட்ட நீரைச் செம்பில் ஊற்றி வைத்தால், செம்பின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? செம்பு ஓட்டையாகிவிட்டது என்று யாரும் கருதுவதில்லை. காற்றிலே கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவி, குளிர்ந்த உலோகத்தின்மேல் பட்டு நீர்த்துளியாக மாறுகிறது. வெப்பமான காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு தாங்க இயலாது. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று, ஏறினால் 30 கிராம் அளவுக்கு நீராவியை வைத்துக்கொள்ளும். அதையே 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மீதியெல்லாம் நீராக இறங்கியே ஆகவேண்டும்.

காரின் டாஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பெற்ற குளிர்ச்சுருள் ஒன்று இருக்கிறது. பட்டறையில் கூலிங் காயில் என்று சொல்வது இதையே. காற்றாடி ஊதும் காற்று முழுவதும் இதன் இடுக்குகளில் நுழைந்து வந்த பிறகுதான் நம் முகத்தில் வீசுகிறது. ஈரமான நாளில் இந்தச் சுருளிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர் இறங்குவது வியப்பன்று. கடற்கரை ஊர்களில் அதற்கு மேலும் இறங்கும். மைசூருக்கும் மேல்கோட்டைக்கும் போய்வருவதற்குள் ஒரு பெரிய செம்பளவு நீர் சேர்ந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. குளிர்சாதன இயந்திரம் முதலில் மனிதருக்குக் குளிர்ச்சி தருவதற்காகப் பிறக்கவில்லை. 1902ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம், ஈரக் காற்றால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போவதைக் கண்டு திகைத்தது. அக்குறையைத் தீர்க்க வில்லிஸ் காரியர் என்ற இளம் பொறியாளர், காற்றிலுள்ள ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் அமைப்பை வகுத்தார். ஈரத்தை எடுப்பதே அன்று நோக்கம். கார்களுக்குள் அது நுழைந்தது பின்னால். அமெரிக்காவில் பாக்கார்டு நிறுவனம் 1939ஆம் ஆண்டின் இறுதியில், 1940ஆம் ஆண்டுக்குரிய தன் கார்களில் குளிர்சாதனத்தை வைத்துக் காட்டியது. அதை நிறுத்த வேண்டுமானால் காரை விட்டு இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, கம்ப்ரசரின் பட்டையைக் கழற்ற வேண்டுமாம்! நம் நாட்டில் 1960களில் ஓடிய அம்பாசிடர், பியட் கார்களில் குளிர்சாதனத்தைக் காண்பது அரிது. முன்கதவில் இருந்த முக்கோணச் சிறு கண்ணாடியைத் திருப்பிவிட்டால் வரும் காற்றே அந்நாளைய குளிர்ச்சி. அக்கார்களுக்குள்ளும் நீர் வந்ததுண்டு. ஆனால் அது மழைநீர்.

இனி, இறங்கிய நீர் எங்கே போகவேண்டும் என்பதைப் பார்ப்போம். கோயிற் கருவறையின் வடபுறச் சுவரில் கோமுகி அமைந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே திருமஞ்சனம் நடக்கும்பொழுது, நீர் தரையில் தேங்காமல், சரிவாக ஓடி, அதன் வழியே வெளியே வந்து விழும். நம் பழைய வீடுகளின் முற்றத்திற்கும் ஒரு சலதாரை உண்டு. காரின் குளிர்ச்சுருள் பெட்டிக்கும் அப்படியே. அதன் அடித்தட்டு சரிவாக அமைந்திருக்கும். சரிவின் கோடியில் ஒரு துளை. துளையில் பெருவிரல் பருமனுக்கும் குறைவான ஒரு ரப்பர்க் குழாய். அது எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையேயுள்ள தகட்டுச் சுவரையோ, காரின் அடித்தகட்டையோ துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. நிறுத்திய காரின் அடியில் நீர் சொட்டிக் குளம் கட்டியிருந்தால், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று மகிழலாம். அதைக் கண்டு அஞ்சுகிறவர்களே மிகுதி. சொட்டாவிட்டால் அல்லவா அஞ்சவேண்டும்!

அந்தக் குழாய் ஏன் அடைகிறது? காற்றோடு வரும் தூசி ஈரச் சுருளில் ஒட்டி, நீரோடு இறங்கி, குழாயில் சேறாகப் படிகிறது. முன்கண்ணாடியின் அடியில் காற்று நுழையும் இடுக்கு வழியாக, மரத்தடியில் நிறுத்திய கார்களுக்குள் வேப்பிலைத் துணுக்கும் பூவும் புகுந்துவிடுகின்றன. காற்றை வடிகட்டும் ஃபில்ட்டர் கிழிந்திருந்தாலும், சரியாகப் பொருந்தாமல் இருந்தாலும், இவை தடையின்றி உள்ளே செல்லும். குழாயின் வெளிமுனையில் சேறு அப்பிக் காய்ந்துபோவதுண்டு. குளவி கூடு கட்டிவிடுவதும் உண்டு. காரின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பூச்சு, கவனக்குறைவால் குழாயின் வாயையும் சேர்த்து மூடிவிடுவதுண்டு. வேறு ஏதோ பழுது பார்த்தபோது கழன்ற குழாயைத் திரும்பப் பொருத்த மறந்தால், நீர் நேரே தரைவிரிப்பில்தான் விழும். சமீபத்தில் பழுது பார்த்த கார் திடீரென்று ஒழுகத் தொடங்கினால், முதலில் ஐயுறவேண்டியது இதையே.

மேல்கோட்டை வளைவில் பாட்டியாரின் கால் நனைந்த காரணம் இப்போது விளங்கும். குழாய் முழுவதும் அடையவில்லை, பாதி அடைந்திருக்கிறது. இறங்கும் நீரைவிட வெளியேறும் நீர் குறைவாகையால், பெட்டியின் அடியில் நீர் தேங்குகிறது. சமவெளியில் அது விளிம்பைத் தொடாமல் அமைதியாக நிற்கிறது. கார் மலையேறும்போது முன்புறம் உயர்கிறது. நீர் பின்னோக்கி, அதாவது நாம் அமர்ந்திருக்கும் பக்கமாகச் சாய்கிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் அலைகிறது. பெட்டியின் இணைப்பு இடுக்குகள் வழியே வழிந்துவிடுகிறது. நம் நாட்டுக் கார்களில் வலப்பக்கம் ஓட்டுநர் இருப்பதால், குளிர்ச்சுருள் பெட்டி பெரும்பாலும் நடுவிலோ இடப்பக்கத்திலோ அமைகிறது. அதனால் நனைவது இடப்பக்கத்தாரின் கால். பாதி அடைப்பைச் சாய்வும் வளைவும் காட்டிக்கொடுப்பது போல வேறு எதுவும் காட்டிக்கொடுப்பதில்லை.

வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். மே மாதத்து டில்லியில் காற்று வறண்டிருக்கும். குளிர்ச்சுருளில் நீர் அதிகம் இறங்காது. ஆனால் அதே மாதங்களில்தான் புழுதி மிகுதியாக உள்ளே போய்ப் படிகிறது. ஜூலையில் மழை வந்து காற்று ஈரமானதும், ஒரே நாளில் கார் ஒழுகத் தொடங்கும். கெட்டது அன்றல்ல, அடைப்பு அதற்கு முன்பே உண்டாகிவிட்டது. மைசூரில் உலர்ந்திருந்த கார், விடுமுறைக்குச் சென்னைக்கோ மங்களூருக்கோ போனவுடன் நனைவதும் இப்படியே. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருப்போர்க்கு ஆண்டின் பெரும்பகுதி ஈரக் காற்றுதான். அவர்கள் மழைக்கு முன்னரே குழாயைப் பார்த்து வைத்துக்கொள்வது நலம்.

மேல்கோட்டையில் அக்காள் தங்கைக் குளங்கள் என்று அடுத்தடுத்து இரண்டு குளங்கள் உள்ளன. ஒன்றின் நீர் குடிக்க ஏற்றது, மற்றதன் நீர் ஆகாது என்று ஊரார் அவற்றைப் பற்றிக் கதை சொல்வர். காருக்குள் வரும் நீரும் ஒரே நீர் அன்று; பிரித்தறிய வேண்டும். ஒரு வெள்ளைக் காகிதத்தாலோ துணியாலோ அதை ஒற்றிப் பாருங்கள். நிறமும் மணமும் இல்லாமல், தெளிவாகவும் குளிர்ந்தும் இருந்தால், அது குளிர்ச்சுருளின் நீர். பச்சை, சிவப்பு முதலிய சாயம் ஏறி, விரலில் வழுவழுவென்று, சற்றே இனித்த வாடையோடு இருந்தால், அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். காருக்குள் வெப்பம் தருவதற்காக உள்ள சிறு ஹீட்டர்ச் சுருள் ஒழுகுகிறது என்று பொருள். அப்போது கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற மூட்டமும் படியும். இது விளையாட்டன்று. கூலண்ட் நஞ்சு, குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அதை நக்கிவிடாமல் காக்கவேண்டும். கூலண்ட் குறைந்து எஞ்சின் கொதித்துப்போகவும் கூடும். அந்தக் காரை மேலும் ஓட்டாமல், தேர்ந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே முறை. நிறத்தை நம்பிச் சுவைத்துப் பார்க்கும் துணிவு யாருக்கும் வேண்டாம்.

மூன்றாவது வகை மழைநீர். குளிர்சாதனத்தைத் தொடாத நாளில், மழை பெய்த பிறகோ காரைக் கழுவிய பிறகோ மட்டும் தரை நனைகிறதென்றால், குற்றம் வேறிடத்தில். முன்கண்ணாடியின் கீழுள்ள வடிகால் இலைகளால் அடைந்திருக்கலாம். கதவின் உட்புறத் தாள் கிழிந்திருக்கலாம். சன்ரூஃப் உள்ள கார்களில் அதன் மூலைகளிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்கள் அடைந்திருக்கலாம். மழையில்லாத நாளில் குளிர்சாதனத்தை ஓட்டிப் பார்த்தாலே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும்.

இனி, "காஸ் ஒழுகித்தான் தண்ணீர் வருகிறது" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்று நம் கார்களிற் பெரும்பாலானவற்றில் உள்ள ஆர் 134ஏ என்னும் பொருள், சாதாரணக் காற்றழுத்தத்தில் பூச்சியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். குழாயை விட்டு வெளியே வந்த கணமே அது காற்றோடு காற்றாகிவிடுகிறது. தரைவிரிப்பை நனைப்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஆகவே நீரைக் காட்டிக் காஸ் நிரப்பவேண்டும் என்பது பொருந்தாது. ஒரு விலக்கு மட்டும் உண்டு. காஸ் குறைந்தாலோ, ஃபில்ட்டர் அடைந்து காற்றோட்டம் தளர்ந்தாலோ, சுருளின்மேல் நீர் பனிக்கட்டியாக உறைந்துவிடலாம். நீண்ட நேரம் ஓடிய பிறகு காற்று வீசுவது குறைந்து, குளிர்ச்சியும் குன்றி, காரை நிறுத்திய சற்று நேரத்தில் மொத்தமாக நீர் வழிந்தால் இதை ஐயுறலாம். நீரோடு குளிர்ச்சிக் குறைவும் சேர்ந்தால் காஸின் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லலாம். குளிர்ச்சி நன்றாக இருந்து கால் மட்டும் நனைந்தால், முதலில் பார்க்கவேண்டியது குழாய்.

சோதனை எளிது. சமதரையில் காரை நிறுத்தி, திறந்த வெளியில், எஞ்சினையும் குளிர்சாதனத்தையும் கால் மணி நேரம் ஓட விடுங்கள். மூடிய கொட்டகையில் இதைச் செய்யவே கூடாது. எஞ்சின் புகை உயிருக்கு ஆபத்து. காற்றில் ஈரம் உள்ள நாளாக இருந்தும் கீழே ஒரு சொட்டும் விழவில்லையென்றால் அடைப்பு உறுதி. வறண்ட நாளில் சொட்டாமையை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது.

பிறகு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, குழாயின் வெளிமுனையைத் தேடவேண்டும். சில கார்களில் அது எஞ்சின் அறையின் பின்சுவரில் தாழ்வாகத் தெரியும். சிலவற்றில் அடியிற் புகுந்துதான் காணமுடியும். வெறும் ஜாக்கியின்மேல் நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். முனையில் காய்ந்த சேற்றை விரலால் நீக்கினாலே சில சமயம் தேங்கிய நீர் குபுகுபுவென்று வந்துவிடும். வராவிட்டால், நீரை உறிஞ்சும் வாக்குவம் கருவியைக் கீழ்முனையில் வைத்து உறிஞ்சுவது மிக நல்ல முறை. கம்பியை விட்டுக் குத்துவது கூடாது. அது ரப்பரைக் கிழிக்கும், அல்லது மெல்லிய குளிர்ச்சுருளைத் துளைத்து, இல்லாத காஸ் ஒழுக்கை உண்டாக்கிவிடும். வளையும் நைலான் இழையை மெதுவாகச் செலுத்தலாம். அழுத்தக் காற்றைக் கீழிருந்து மேலே வேகமாக ஊதுவதும் எனக்கு உடன்பாடன்று. சேறு மேலேறிப் பெட்டிக்குள் தெறிக்கும். குழாயே துளையை விட்டுக் கழன்றுவிடவும் கூடும். கார் புதிதாகி உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்தால், நீங்கள் தொடாமல் விற்ற நிறுவனத்தாரிடமே கொண்டு செல்லுங்கள்.

பட்டறைக்குப் போகவேண்டியிருந்தால், "ஏசி கெட்டுவிட்டது" என்று சொல்லாதீர்கள். அது எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும் சொல். "நீர் வெளியே போகவில்லை" என்று சொல்லுங்கள். கன்னடத்தில் "நீரு ஹொரகே ஹோக்தா இல்லா" என்றால் போதும். நம் நீர் அங்கும் நீரே. இந்தி வழங்கும் ஊர்களில் "பானீ பாஹர் நஹீம் ஜா ரஹா" என்று கூறலாம். நோயின் இடத்தைச் சுட்டிச் சொல்லிவிட்டால், வேலையும் அந்த இடத்திலிருந்தே தொடங்கும்.

குழாய் திறந்ததோடு காரியம் முடிவதில்லை. பலர் இங்கேதான் அயர்ந்துவிடுகிறார்கள். தரைவிரிப்பின் மேற்புறம் ஒரு நாளில் உலர்ந்துவிடும். அதன் அடியில் உள்ள தடித்த பஞ்சு மெத்தை, நீரைக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் விடாமல் வைத்திருக்கும். அதில் பூஞ்சணம் பிடிக்கும். மூடிய காரில் அந்தக் காற்றையே மீண்டும் மீண்டும் சுவாசிக்கும்போது, ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்கள், குறிப்பாகக் குழந்தைகளும் முதியோரும் துன்புறுவர். வாசனைத் திரவியம் நாற்றத்தை மறைக்குமேயன்றிப் பூஞ்சணத்தைப் போக்காது. மேலும் இக்காலத்துக் கார்களில் மின்கம்பிக் கற்றைகளும், இணைப்புகளும், சிலவற்றில் மின்னணுப் பெட்டிகளும் விரிப்பின் கீழோ இருக்கையின் அடியிலோ இருக்கின்றன. ஈரம் அங்கே சென்று துரு ஏற்றினால், பூட்டு தானே திறப்பதும் எச்சரிக்கை விளக்கு காரணமின்றி எரிவதுமாக, தொடர்பே தெரியாத கோளாறுகள் மாதங்கள் கழித்துத் தோன்றும்.

ஆகையால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியிற் கைவைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் பழைய பருத்தி வேட்டியை மடித்து அழுத்தி, நீரை ஒற்றி எடுங்கள். விரிப்புக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மரத்துண்டைச் செருகிக் காற்றுப் போக வழி செய்து, கண்ணாடிகளை இறக்கி வெயிலில் நிறுத்துங்கள். இருக்கையின் அடியில் மஞ்சள் உறையிட்ட கம்பிகள் காணப்பட்டால் அவற்றை இழுக்கவோ கழற்றவோ வேண்டாம். அவை விபத்தில் விரியும் காற்றுப்பைகளுக்கு உரியவை. இனிமேல் ஊர் போய்ச் சேர்வதற்கு ஐந்து நிமிடங்களுக்கு முன்பே குளிர்சாதனத்தை அணைத்து, காற்றாடியை மட்டும் ஓட விடும் வழக்கத்தை மேற்கொண்டால், குளிர்ச்சுருள் ஓரளவு உலர்ந்து, நாற்றம் சேர்வது குறையும். மேல்கோட்டைச் சாலையில் மலையேறத் தொடங்கியதுமே இதைச் செய்துவிடலாம். மழை நின்றிருந்தால் கண்ணாடியை இறக்கினாலே போதிய குளிர்ந்த காற்று வரும். நனைந்த பஞ்சு மெத்தை முழுவதும் உலர நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் ஆகும். மழைக்காலமானால் விரிப்பைக் கழற்றி வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் விரித்துவிடுவதே மேல்.